முழக்கோலுக்கு அகப்படாத அறை

பழைய வீடு ஒன்றை விலைக்கு வாங்கிக் குடி புகுந்தவர்களும், பிதிரார்ஜிதமாய் வந்த வீட்டைச் செப்பனிடத் துணிந்தவர்களும், என்றைக்காவது ஒரு நாள் ஒரு விசித்திரமான சந்தேகத்துக்கு ஆளாகாமல் தப்புவது அரிது. தெருவில் நின்று அளந்தால் வீட்டின் நீளம் ஓர் அளவாக இருக்கிறது; உள்ளே புகுந்து ரேழி, கூடம், தாழ்வாரம், இரண்டாம் கட்டு, சமையற்கட்டு என்று ஒவ்வொன்றையும் அளந்து, இடையிலுள்ள சுவர்களின் கனத்தையும் சேர்த்துக் கூட்டினால், மூன்று முழமோ நான்கு முழமோ குறைகிறது. காணாமற்போன அந்த முழங்கள் எங்கே என்ற கேள்வி ஒரு முறை மனத்தில் புகுந்துவிட்டால், அதன் பிறகு வீட்டுச் சொந்தக்காரர் சுவரைப் பார்க்கும் பார்வையே வேறாகிவிடுகிறது. சாப்பிட உட்கார்ந்தாலும் கண் சுவரிலேதான் இருக்கும். பேச்சுக்கு நடுவில் எழுந்து போய், விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வருவார்.

கொத்தனாரை அழைத்து வந்தால் அவருடைய சோதனை இன்னும் சாஸ்திரோக்தமானது. கரணையின் காம்பைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, சுவரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை தட்டிக்கொண்டே நடப்பார். கெட்டியாய் இருக்கும் இடங்களில் ஓசை சுருக்கமாய்த் தெறிக்கும். ஓரிடத்தில் மாத்திரம் அது தளர்ந்து உள்வாங்கும். "இங்க பொக்கா இருக்குங்க" என்பார். அந்த ஒரு வார்த்தையிலிருந்து வீட்டாரின் கற்பனை கிளம்பிவிடும். கொள்ளுத்தாத்தா பர்மாவிலிருந்து கொண்டுவந்தது, பாட்டி கண் மூடுவதற்கு முன் ஏதோ சொல்ல வாயெடுத்தது, வட்டிக்கடைக் கணக்கில் நேராகாமலே போன வெள்ளி ரூபாய்கள் எல்லாம் அந்தப் பொக்குக்குள் வந்து குடியேறும். கொத்தனாரோ அப்படி ஒன்றும் எண்ணுவதில்லை. ஓதம் ஏறிச் சுண்ணாம்புப் பூச்சு செங்கல்லை விட்டு விலகி நிற்கிறது. கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். இரண்டு ஆள் கூலி ஆகும் என்பதே பெரும்பாலும் அவருடைய தீர்மானம்.

புதையலை எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றமாயிருந்தாலும், நான் கொண்டுள்ள அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணக்கு உதைக்கிற இடத்தில் ரகஸ்யம் இருப்பது மிக அபூர்வம். உண்மையாகவே ரகஸ்யத்தை வைத்துக் கட்டிய வீடுகளிலோ, அளந்து பார்த்தவர்களுக்குப் பெரும்பாலும் கணக்கு ஒழுங்காகவே நின்றது.

முதலில், கணக்கு ஏன் உதைக்கிறது என்று பார்க்கலாம். சுவரின் கனம் எங்கும் ஒரே அளவாய் இருப்பதில்லை. உத்திரம் உட்காரும் சுவர் பருத்தும், நடுத்தடுப்பு மெலிந்தும் இருக்கும். இரண்டையும் ஒன்றாக எண்ணிக் கூட்டியவருக்கு அங்கேயே ஒரு முழம் போய்விட்டது. பல வீடுகள் ஒரே காலத்தில் கட்டியவையும் அல்ல. முன்கட்டு ஒரு தலைமுறையில் எழும்பியிருக்கும். பின்கட்டை மகன் சேர்த்திருப்பார். பழைய புறச்சுவரை இடிக்காமல் அதை ஒட்டியே புதுச்சுவரை எழுப்பியதனால், இன்று அந்த இடத்தில் இரட்டைச் சுவர் நிற்கும். விளக்கு மாடங்களையும், தானியம் கொட்டி வைத்த குதிர் அறைகளையும், புழக்கம் ஒழிந்த பிறகு செங்கல் வைத்து மூடிவிட்டவர்கள் ஏராளம். மூடியவர்களுக்கு அது நினைவில் வைக்கத் தக்க விஷயமாகவே தோன்றியிராது. அவர்களுடைய பேரன் பேத்திகளுக்கோ அதுவே மர்மமாகிறது.

எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது பாகப்பிரிவினை. அண்ணனும் தம்பியும் பிரிகிற அன்று, கூடத்தின் குறுக்கே ஒரு சுவர் எழும்பும், முற்றம் பாதியாகும், இருவருக்கும் பொதுவாயிருந்த வாசலில் மரநிலை அப்படியே நிற்க, இடைவெளியை மாத்திரம் செங்கல்லால் அடைத்து மேலே பூசிவிடுவார்கள். மச்சுக்குப் போகும் படிக்கட்டு ஒருவர் பங்கிலும், மச்சு மற்றவர் பங்கிலும் அமைந்துவிட்டால், ஏறிப் போனால் தலை இடிக்கும்படி ஒரு படிக்கட்டு எங்கும் போகாமல் முடிந்து நிற்கும். செட்டிநாட்டின் பெரிய வீடுகளில், ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் புழக்கடையுமாக நீளும் அவ்வீடுகளில், வளவைச் சுற்றிய அறைகள் மணமான பிள்ளைகள் ஒவ்வொருவருக்குமாக ஒதுங்கி, அவர்கள் சந்ததி பெருகப் பெருக, ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள் உரிமையாளராகிவிட்டார்கள். அங்கே பூட்டிக் கிடக்கும் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் விடை, அதன் சாவி வேறு ஊரில் இருக்கிறது என்பதுதான். இத்தகைய வீடுகளின் புதிர்களைக் கடப்பாறை அவிழ்த்ததைக் காட்டிலும் பாகப்பிரிவினைப் பத்திரம் அவிழ்த்தது அதிகம் என்று நான் நினைக்கிறேன். எந்தச் சுவர் பொது, எந்த நடை யாருக்கு, கிணற்றில் யார் எந்தப் பக்கம் இறைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் எழுத்தர் பொறுமையாக எழுதி வைத்திருப்பார். அதை எடுத்துப் படிக்கத்தான் ஒருவருக்கும் மனம் வருவதில்லை.

ராஜாங்கமும் சுவர்களை மூட வைத்ததுண்டு. இங்கிலாந்தில் 1696-ஆம் ஆண்டு முதல் 1851-ஆம் ஆண்டு வரை ஜன்னல்களின் எண்ணிக்கையைப் பார்த்து வீட்டுக்கு வரி விதித்தார்கள். வரிக்குப் பயந்து ஜன்னலைச் செங்கல்லால் அடைத்துக்கொண்ட வீடுகளை இன்றும் அங்கே காணலாம். ஆயினும் அடைத்த ஜன்னல் எல்லாம் வரியினால் அடைத்தவை என்று சொல்லிவிட முடியாது. முகப்பின் இருபுறமும் ஒத்திருக்க வேண்டும் என்ற அழகுணர்ச்சிக்காக, தொடக்கத்திலேயே திறப்பில்லாத ஜன்னல் வடிவங்களைக் கட்டி வைத்த சிற்பிகளும் அந்நாட்டில் இருந்தார்கள். வரி என்ற கதை சுவாரசியமாயிருப்பதால் வழிகாட்டிகள் அதையே சொல்லுகிறார்கள்.

இனி ரகஸ்யம் உண்மையாகவே இருந்த வீடுகளுக்கு வருவோம். மறைவிடம் என்பது அரசர்களுக்குப் புதிதன்று. மைசூரில் 1905-இல் ஓலைச் சுவடியாய் வெளிப்பட்டு 1909-இல் அச்சேறிய கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம், அரசன் உறையும் மனையில் சுவருக்குள் மறைந்த வழிகளும், தூணின் உள்ளே இறங்கும் பாதையும் இருக்கலாம் என்று விதிக்கிறது. பாரதத்து அரக்கு மாளிகையில், விதுரர் அனுப்பிய சுரங்கத் தச்சன் தோண்டிய வழியின் வாய், தரைமட்டத்துக்குச் சமமாய்ப் பலகையிட்டு மூடப்பட்டிருந்தது. ஆனால் அரசர்களுக்குப் பணமும் ஆளும் உண்டு. சாதாரணக் குடும்பஸ்தர்கள், தாங்கள் குடியிருக்கும் வீட்டிலேயே, வேலைக்காரர்களில் பலருக்கும் தெரியாமல், மனிதனை ஒளித்து வைக்கும் இடங்களை ஒரு தேசம் முழுவதும் கட்டி வைத்தது பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்திலேதான்.

முதலாம் எலிசபெத் ராணி 1558-இல் பட்டத்துக்கு வந்த பின், அந்நாடு ரோமாபுரித் திருச்சபையை விட்டு மறுபடி விலகிற்று. கத்தோலிக்கப் பூசை சட்ட விரோதமாயிற்று. வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்ற ஆங்கிலேயர் தாய்நாட்டில் கால் வைப்பதே ராஜத்துரோகம் என்றும், அவருக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கும் மரணதண்டனை உண்டு என்றும் 1585-ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. யார்க் நகரத்துக் கசாப்புக் கடைக்காரர் ஒருவரின் மனைவியான மார்கரெட் கிளித்ரோ, குருமாரை வீட்டில் வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, வழக்கில் வாய் திறக்க மறுத்ததனால், பாரம் ஏற்றி நசுக்கிக் கொல்லப்பட்டது 1586-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில். அப்படியிருந்தும் கிராமப்புறத்துப் பெருங்குடும்பங்கள் குருமாரை அழைத்து வைத்துப் பூசை நடத்தி வந்தன. சோதனைச் சேவகர்கள் விடியற்காலையில் குதிரைகளோடு வந்து வீட்டைச் சூழ்ந்துகொள்ளுவார்கள். உள்ளே இருந்தவருக்குக் கிடைத்த அவகாசம், வாயிற்கதவைத் தட்டும் ஓசைக்கும் அது திறப்பதற்கும் இடைப்பட்ட நேரந்தான்.

தேடியவர்கள் மூடர்களாயிருந்தால் இந்த விஷயத்தைப் பற்றி எழுதவே வேண்டியதில்லை. அவர்கள் தச்சரையும் கொத்தரையும் கூடவே அழைத்து வந்தார்கள். மந்திரியாயிருந்த ராபர்ட் செசில், 1606-ஆம் ஆண்டு ஒரு வீட்டைச் சோதனையிடச் சென்ற அதிகாரிக்குக் கொடுத்தனுப்பிய குறிப்புகளைப் பார்த்தால், வீட்டைத் துருவுவதை அவர்கள் ஒரு சாஸ்திரமாகவே வளர்த்திருந்தார்கள் என்பது விளங்கும். மேல்மாடி அறைகள் கீழறைகளைவிட அகலமாயிருந்தால், அகலம் கூடிய இடத்தில் தரைப்பலகையைப் பெயர்க்க வேண்டும். மரப்பலகை பொதிந்த சுவரில் துறப்பணத்தால் துளையிட்டு, அது கல்லில் முட்டாமல் உள்ளே ஓடினால் சந்தேகிக்க வேண்டும். ஒரு மச்சுக்கு மேலே இரண்டு மூன்று அடி இடைவெளியில் இன்னொரு மச்சு இருந்தால் விடக்கூடாது. கூரையோடு ஒட்டி, எந்த அறையிலிருந்தும் வழியில்லாத பரண் தென்பட்டால் அதைக் கட்டாயம் உடைத்துப் பார்க்க வேண்டும். தரையைக்கூட இரும்புச் சலாகையால் ஓரடி இரண்டடி குத்தி, மண் இளகியிருக்கிறதா என்று அறிய வேண்டும். அளவு, ஓசை, துளை என்ற மூன்றும் அவர்களுக்குப் பிரமாணங்கள். நம் வீட்டுச் சொந்தக்காரரும் கொத்தனாரும் இன்று செய்கிற சோதனைகளில் இரண்டு இங்கேயே இருக்கின்றன.

இந்தச் சாஸ்திரத்துக்கு எதிர்ச் சாஸ்திரம் ஒன்றைத் தம் கையாலேயே படைத்தவர் நிக்கோலஸ் ஓவன் என்ற தச்சர். ஆக்ஸ்போர்டு நகரத்தில் தச்சர் ஒருவருக்கு மகனாய்ப் பிறந்தவர், குள்ளமான உருவம், குதிரை மேலே விழுந்ததனால் ஒரு கால் சற்று நொண்டி, பாரம் தூக்கித் தூக்கிக் குடலிறக்க நோயும் சேர்ந்திருந்தது. 1588-ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் இயேசு சபைத் தலைவராயிருந்த ஹென்றி கார்னெட்டிடம் பணியாளாய்ச் சேர்ந்து, பதினெட்டு வருஷங்கள் அளவில், வீடு வீடாய்ச் சென்று மறைவிடங்கள் அமைப்பதையே வாழ்க்கையாகக் கொண்டார். பகலில் யாவரும் பார்க்க ஏதாவது ஒரு சில்லறைத் தச்சுவேலை செய்துகொண்டிருப்பார். ஊர் உறங்கிய பின், துணைக்கு ஆள் இல்லாமல், கெட்டிக் கல்லைக் குடைவார். ஒரு வீட்டில் கையாண்ட யுக்தியை மறு வீட்டில் கையாளமாட்டார். ஒன்று வெளிப்பட்டால் மற்றவையும் வெளிப்படக் கூடாதல்லவா? எங்கெங்கே என்னென்ன அமைத்தார் என்பதற்கு அவர் ஒரு வரிகூடக் குறிப்பு வைக்கவில்லை. ஆகையால் இன்று எந்த மறைவிடத்தைக் காட்டி 'இது ஓவன் கட்டியது' என்று சொன்னாலும், அது பெரும்பாலும் கைத்திறனைப் பார்த்துச் செய்யும் அநுமானமே.

அவருடைய யுக்தியின் சாரம் என்னவென்றால், காலி இடத்தைச் சுவருக்குப் பின்னால் வைக்கவே மாட்டார் என்பதுதான். அறைக்கும் அறைக்கும் நடுவே பொய்ச்சுவர் எழுப்பினால் முழக்கோல் அதை ஒரு நாழிகையில் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் கருங்கல் புகைபோக்கி பத்தடி கனத்தில் இருப்பதை யாரும் ஆச்சரியமாய்ப் பார்ப்பதில்லை. மாடிப்படியின் கீழே மூலை விழுவது இயல்பு. பழைய மலக்கூடத்துக் குழாய்வழி சுவருக்குள் இறங்குவதும் இயல்பு. எங்கே கனம் இருக்க வேண்டுமோ அங்கேயே அவர் குடைந்தார். அதனால் அளந்தவனுக்குக் கணக்கு நேரானது. சில வீடுகளில் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு மறைவிடத்துக்குள் மற்றொன்றை அமைத்தார்கள். முதலாவது அகப்பட்டு, அது வெறுமையாயிருக்கக் கண்ட சேவகர்கள், 'ரகஸ்யத்தைக் கண்டுவிட்டோம்' என்ற திருப்தியோடு திரும்பிப் போய்விடுவார்கள். தேடுகிறவனுடைய கெட்டிக்காரத்தனத்தையே அவனுக்குப் பகையாக்கும் இந்த உபாயத்தை எண்ணும்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

வூஸ்டர்ஷயரில் ஹார்விங்டன் ஹால் என்ற வீடு இன்னும் இருக்கிறது. அகழி சூழ்ந்த அந்தச் செங்கல் மாளிகையில் ஏழு மறைவிடங்களைக் காட்டுகிறார்கள். பெரிய மாடிப்படியின் தலைப்பில், ஒரு நடைக்கு ஏறும் சில படிகள் உண்டு. அவற்றுள் இரண்டு, பெட்டி மூடியாகத் தூக்கத் தக்கவை. வேறோர் அறையில் குளிர் காய்வதற்கான கணப்பு ஒன்று இருக்கிறது. அதில் தீ மூட்டியதே இல்லை. அதன் புகைபோக்கி வழியே ஏறினால் கூரைப் பரணை அடையலாம். நூல்நிலையமாயிருந்த அறைதான் எல்லாவற்றிலும் விசேஷமானது. அதன் சுவர் அந்நாட்டுப் பழைய முறைப்படி மரச்சட்டங்களை நிறுத்தி, நடுவே செங்கல் நிரப்பியது. நிற்கும் சட்டங்களுள் ஒன்று மற்றவற்றைப் போலவே தடித்து, கறுத்து, மேல் உத்திரத்தைத் தாங்குவதாகவே தோன்றும். உண்மையில் அது ஒன்றையும் தாங்கவில்லை, முளையில் நிற்கிறது. உரிய இடத்தில் அழுத்தினால் அடிப்பக்கம் அசைந்து விலக, ஒருவர் ஒருக்களித்து நுழையும் அளவுக்கு வாய் திறக்கிறது. பாரம் தாங்கும் தூணை அசைத்துப் பார்க்கவேண்டும் என்று எந்தச் சேவகனுக்குத் தோன்றும்? அசைத்தால் தன் தலையிலேயே மாடி இடிந்து விழும் என்றுதானே எண்ணுவான்? மனிதனுடைய நியாயமான பயத்தையே அதை அமைத்த தச்சன் தாழ்ப்பாளாக்கிவிட்டான்.

வாரிக்‌ஷயரில் பேடெஸ்லி கிளிண்டன் என்ற வீட்டில் நடந்தது 1591-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில். குருமார் பலர் கூடியிருந்த அன்று விடியலில் சேவகர்கள் வந்துவிட்டார்கள். அகழிக்கு நீர் வடியும் பழைய கழிவுநீர்க் கால்வாய் ஒன்று வீட்டின் அடியே ஓடியது. அதையே மறைவிடமாகத் திருத்தி வைத்திருந்தார்கள். கணுக்கால் நீரில், குனிந்தபடி, சுமார் நான்கு மணி நேரம் அவர்கள் நின்றார்கள். மேலே சேவகர்கள் வீட்டைப் புரட்டினார்கள். கீழே சாக்கடை இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. அதில் பட்டதாரிக் குருமார் நிற்பார்கள் என்றுதான் தோன்றவில்லை. எஸ்ஸெக்ஸ் பகுதியில் பிராடக்ஸ் என்ற வீட்டில், 1594-இல், ஜான் ஜெரார்டு என்ற குரு பூசை அறைக் கணப்பின் கீழே குடைந்த குழியில் நான்கு நாட்கள் கிடந்தார். கையில் இருந்தது சில ரொட்டித் துண்டுகளும் பழப்பாகும். இரவுக் காவலுக்கு நின்ற ஆட்கள் குளிர் தாங்காமல் அந்தக் கணப்பிலேயே தீ மூட்டினார்கள். தலைக்கு மேலே தணல் உதிர்ந்தது. அப்படியும் அவர் அகப்படவில்லை. இதை அவரே பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார்.

ஆனால் ஹிண்ட்லிப் ஹால் என்ற வீட்டில் கதை வேறு விதமாக முடிந்தது. 1605-ஆம் ஆண்டு நவம்பரில் பாராளுமன்றத்தை வெடி வைத்துத் தகர்க்கும் சதி வெளிப்பட்டதும், அதில் சம்பந்தம் உண்டென்று குருமாரை ராஜாங்கம் தேடியது. 1606 ஜனவரி 20-ஆந் தேதி, சர் ஹென்றி பிராம்லி என்பவர் நூறு ஆட்கள் அளவில் கூட்டிக்கொண்டு வந்து வூஸ்டர்ஷயரிலிருந்த அவ்வீட்டைச் சூழ்ந்தார்; மேலே சொன்ன செசிலின் குறிப்புகள் எழுதப்பட்டது அவருக்காகத்தான். உள்ளே நான்கு பேர் இரண்டு மறைவிடங்களில் இருந்தார்கள். கார்னெட்டும் ஓல்ட்கார்ன் என்ற மற்றொரு குருவும் ஒன்றில். ஓவனும் ரால்ஃப் ஆஷ்லி என்ற பணியாளும் மற்றொன்றில். ஓவன் இருந்த இடத்தில் ஆகாரம் சேர்த்து வைக்க நேரமில்லை. இருவருக்குமாக ஓர் ஆப்பிள் பழம் இருந்தது. நான்காம் நாள், நடையில் ஆள் இல்லை என்று எண்ணி மெல்ல வெளிவந்த இருவரும் பிடிபட்டார்கள். தங்களைக் குருமார் என்று கருதிச் சோதனையை நிறுத்திவிடுவார்கள் என்ற நம்பிக்கையிலே வேண்டுமென்றே வெளிப்பட்டார்கள் என்பாரும் உண்டு.

கார்னெட்டுக்கும் ஓல்ட்கார்னுக்கும் ஆகாரத்துக்குப் பஞ்சமில்லை. அவர்கள் இருந்த குழிக்கும் வீட்டு அம்மாளின் அறைக் கணப்புக்கும் நடுவே, புகைபோக்கியின் ஊடே ஒரு நாணற்குழாய் செருகியிருந்தது. அதன் வழியே சூடான கஞ்சியும் ரசமும் ஊற்றினார்கள். சேவகர்கள் அறைக்கறை நின்று காவல் காத்துக்கொண்டிருக்க, அவர்கள் கண்ணெதிரே ஒரு சீமாட்டி கணப்பருகே குனிந்து நிற்பது எவ்விதச் சந்தேகத்தையும் எழுப்பவில்லை. பசியும் தாகமும் தோல்வியடைந்த இடத்தில், வேறொன்று வென்றது. குழியில் எழுந்து நிற்கவோ காலை நீட்டவோ இடமில்லை. புத்தகங்களும் தட்டுமுட்டுகளும் வேறு இடத்தை அடைத்திருந்தன. கால்கள் வீங்கிப் போயின. மலஜலங் கழிக்க வசதி செய்யப்படவேயில்லை. அந்த ஒரு வசதி இருந்திருந்தால் மூன்று மாதம்கூட உள்ளேயே தாக்குப் பிடித்திருப்போம் என்ற கருத்தில் கார்னெட் பிற்பாடு எழுதியிருக்கிறார். எட்டாம் நாள் அவர்கள் வெளிப்பட்டபொழுது, குழியைக் கண்ட சேவகன், உள்ளே இருப்பவர்கள் கைத்துப்பாக்கியால் சுட்டுவிடுவார்கள் என்று பயந்து ஓடினானாம்.

அந்த வீட்டில் மொத்தம் பதினொரு மறைவிடங்கள் அகப்பட்டன. ஓவனைப் பிடித்ததில் ராஜாங்கத்துக்கு உண்டான மகிழ்ச்சி குருமாரைப் பிடித்ததிலும் குறைந்ததன்று. அந்த ஒரு மனிதனை வாய் திறக்கச் செய்தால் தேசத்திலுள்ள பாதிச் சுவர்கள் வாய் திறந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. குடலிறக்க நோயாளியைச் சித்திரவதை செய்யலாகாது என்ற விதியை மீறி, வயிற்றில் இரும்புத் தகடு கட்டி, லண்டன் கோபுரச் சிறையில் கைகளைப் பிணித்துத் தொங்கவிட்டார்கள். 1606-ஆம் ஆண்டு மார்ச்சுத் தொடக்கத்தில் அவர் உயிர் பிரிந்தது. ஒரு வீட்டின் பெயரையும் அவர் சொல்லவில்லை. தற்கொலை செய்துகொண்டார் என்று ராஜாங்கம் அறிவித்தது. அவரை அறிந்தவர்கள் அதை நம்பவில்லை. 1970-இல் ரோமாபுரி அவரைப் புனிதராக உயர்த்தியது. அந்தப் பழைய ஹிண்ட்லிப் வீடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டுவிட்டது. அதனிடத்தில் எழுந்த மாளிகை இன்று அப்பிரதேசத்துப் போலீஸ் தலைமை அலுவலகமாயிருக்கிறது.

குருமாருக்காகக் கட்டிய இடங்களில் ஒன்று பிறகு ஓர் அரசனுக்கும் உதவியது. 1651 செப்டம்பரில் வூஸ்டர் யுத்தத்தில் தோற்றோடிய இரண்டாம் சார்லஸ், பாஸ்கோபெல் என்ற வீட்டில், பகலில் கருவாலி மரத்தின் மேலும், இரவில் பரண் தரையின் கீழிருந்த குழியிலும் ஒளிந்திருந்தார். ஆறடிக்கு மேற்பட்ட உயரமுள்ள மனிதர், குழியோ அதற்கேற்றதன்று. அவர் அந்த இரவை எப்படிக் கழித்தார் என்று அக்குழியை எட்டிப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள்.

பொய்ச்சுவர் எழுப்பினால் முழக்கோல் காட்டிக் கொடுத்துவிடும் என்று மேலே சொன்னேன். அதற்கு விலக்கும் உண்டு. ஹாலந்து தேசத்து ஹார்லெம் நகரத்தில், டென் பூம் என்ற கடிகாரக்காரக் குடும்பம் ஜெர்மானியர் ஆக்கிரமிப்புக் காலத்தில் யூதர்களுக்கு அடைக்கலம் கொடுத்து வந்தது. மேல்மாடியில், கோரி என்ற அந்த வீட்டு மகளின் படுக்கையறையின் ஓரத்தில், சுவருக்கு முன்னால் செங்கல்லால் ஒரு பொய்ச்சுவர் எழுந்தது. பின்னே கிடைத்த இடம் இரண்டரை அடி அகலமிருக்கலாம். துணி அலமாரியின் அடித்தட்டுக்குப் பின்னால் இருந்த பலகையைத் தள்ளி, தவழ்ந்து உள்ளே போக வேண்டும். கட்டியவருடைய சாமர்த்தியம் முழுவதும் பூச்சிலே இருந்தது: புதுச்சுவரை நூறு வருஷச் சுவராகக் காட்டும்படி வர்ணத்தில் கறையும் கோடும் இழுத்து, பழைய மர விளிம்புகளையே எடுத்துப் பதித்து, ஈரக்கசிவு பட்டதுபோல் அங்கங்கே மங்க வைத்திருந்தார். அளவைப் பற்றி அவர் கவலைப்படாததற்கு நல்ல காரணம் இருந்தது. அது இரண்டு பழைய வீடுகளை இணைத்து ஒன்றாக்கிய கட்டடம், ஒரு வீட்டுத் தளமும் மறு வீட்டுத் தளமும் ஒரே மட்டத்தில் இல்லை, திருகும் படிக்கட்டு, ஓர் அறையிலும் மூலைமட்டம் நேராக நிற்காது. எல்லாக் கணக்கும் உதைக்கிற வீட்டில், இன்னும் ஒரு கணக்கு உதைப்பது யாருக்குத் தெரியப் போகிறது? 1944 பிப்ரவரி 28-ஆந் தேதி ரகஸ்யப் போலீசார் வந்து குடும்பத்தாரைக் கைது செய்துகொண்டு போனார்கள். வீட்டையும் தட்டித் தடவிப் பார்த்தார்கள். சுவருக்குப் பின்னால் ஆறு பேர், ஏறத்தாழ இரண்டு நாட்கள், நின்றும் குந்தியும் இருந்து தப்பினார்கள். எண்பத்து நான்கு வயதான தந்தை காஸ்பர் டென் பூம் பத்து நாட்களுக்குள் காவலிலேயே இறந்தார்.

ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் குடும்பத்தார் மறைந்திருந்த பின்வீட்டின் வாசலை மூடிய புத்தக அலமாரியைப் பற்றி உலகமே அறியும். ஆகவே அதைப் பற்றி இங்கே விரிக்கவில்லை. முன்வீடு, பின்வீடு என்று கால்வாய்க்கரை வீடுகள் குறுகலாயும் ஆழமாயும் அமைந்த நகரம் அது என்பதும், தெருவிலிருந்து பார்ப்பவனுக்குப் பின்வீடு ஒன்று உண்டு என்பதே புலப்படாது என்பதும் மாத்திரம் நம் விஷயத்துக்கு வேண்டியவை.

மனிதர் ஒளித்தவை இருக்கட்டும். எலி ஒளித்தவையும் உண்டு. நார்ஃபோக்கில் ஆக்ஸ்பரோ ஹால் என்ற பதினைந்தாம் நூற்றாண்டு வீட்டில், ஓடு பதித்த பொறிக்கதவின் கீழே குருமார் மறைவிடம் ஒன்று நெடுநாளாய்ப் பார்வைக்கு இருக்கிறது. அதைப் பார்த்தவர்கள் அவ்வீட்டின் ரகஸ்யத்தை அறிந்துவிட்டதாகவே எண்ணினார்கள். 2020-இல் கூரையைப் பழுது பார்க்கும் வேலைக்காகப் பரண் பலகைகளைத் தூக்கியபொழுது, கீழே பழைய எலி வளைகள் வெளிப்பட்டன. அவற்றிலிருந்து இருநூறுக்கு மேற்பட்ட துணித் துணுக்குகளும், பரணின் மற்ற இடங்களிலிருந்து பதினைந்தாம் நூற்றாண்டுக் கையெழுத்துச் சுவடியின் ஓர் ஏடும், 1568-இல் அச்சிட்ட ஜெப நூல் ஒன்றும் கிடைத்தன. எந்த முழக்கோலும் அவற்றைக் காட்டியிராது. எந்தக் கொத்தனும் தட்டிக் கேட்டிருக்க முடியாது.

நம் ஊர்களில் இன்று பழைய வீடுகளை இடிக்கும் வேகத்தைப் பார்க்கும்பொழுது, எனக்கு ஒரு சிறு கோரிக்கை தோன்றுகிறது. தேக்கு உத்திரத்துக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்கும் விலை பேசி முடித்த கையோடு ஒப்பந்தக்காரர் கடப்பாறையைத் தூக்கிவிடுகிறார். வீட்டை ஒரு முறை உள்ளும் புறமும் அளந்து, காகிதத்தில் வரைந்து வைத்துவிட்டு இடித்தால் ஒரு நாளைக்கு மேல் தாமதம் ஆகாது. எந்தச் சுவர் எப்பொழுது எழுந்தது, எந்த வாசல் யாருடைய சண்டையில் அடைபட்டது என்பதெல்லாம் அந்தக் காகிதத்தில் தங்கும். இடிக்கையில் செம்போ நாணயமோ உண்மையாகவே உருண்டு விழுந்தால் என்ன செய்வது என்று கேட்பவர்களும் இருப்பார்கள். அதற்கும் விதி இருக்கிறது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், மண்ணில் புதைந்ததை மாத்திரம் அல்லாமல், மண்ணோடு பொருந்திய எதிலும், அதாவது உங்கள் வீட்டுச் சுவரிலும், ஒளிந்திருப்பதையும் புதையல் என்றே கொள்கிறது. கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டிய அளவாக அச்சட்டம் எழுதியவர்கள் குறித்தது, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்பு. இடிப்பு வேலைக்கு வந்த ஆட்களுக்கு ஒரு வேளைக் காப்பிக்கும் அந்தத் தொகை இன்று போதாது.